நெருக்கடி நாட்டில் முதலாண்டுப் பேரினப் பொருளியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022ஆம் ஆண்டு, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கையை விரித்த அதே மாதங்களில், வடக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் முதலாண்டு மாணவி. விடிய முன் பெற்றோல் வரிசை, இரவில் மின்வெட்டு, இரண்டுக்கும் நடுவில் பேரினப் பொருளியல் விரிவுரை. இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அவர்களில் பலர் அப்போது பாடசாலைப் பிள்ளைகள். வீட்டுக்காக வரிசையில் நின்றது அவர்களுக்கு நினைவிருக்கிறது. ஏன் நின்றோம் என்பது தெரியாது. வகுப்புக்கு வகுப்பு திரும்பி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மந்தம் வந்தால் வட்டியைக் குறை, வரியைக் குறை, செலவைக் கூட்டு என்கிறது பாடநூல். இலங்கையில் எல்லாம் தலைகீழாக நடந்ததே. பாடநூல் பிழையா, செய்தவர்கள் பிழையா?

ஒவ்வோர் ஆண்டும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நானும் கேட்டேன். 2022 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய வங்கி துணைநில் வைப்பு வசதி வீதத்தை (வங்கிகள் தன்னிடம் வைக்கும் பணத்துக்கு அது கொடுக்கும் வட்டி) 6.5இலிருந்து 13.5 சதவீதத்துக்கும், கடன்வழங்கல் வசதி வீதத்தை (வங்கிகளுக்குக் கடன் கொடுக்க அது வாங்கும் வட்டி) 7.5இலிருந்து 14.5 சதவீதத்துக்கும் ஒரே நாளில் ஏற்றியது. அதற்கு முந்திய வாரங்களில்தான் எங்களுக்குக் கெயின்ஸ், அதாவது மந்தத்தில் அரசு செலவைக் கூட்ட வேண்டும் என்ற பொருளியலாளரின் பாடம், நடந்துகொண்டிருந்தது. கொப்பியில் எழுதிய மை காயவில்லை.

பாடநூலின் அந்த அத்தியாயம் குறிப்பிட்ட ஒரு வகை மந்தத்தைப் பற்றியது. கடையில் சாமான் இருக்கிறது, தொழிற்சாலையில் இயந்திரம் இருக்கிறது, வேலை செய்யக் கைகள் இருக்கின்றன; வாங்கத்தான் ஆளில்லை. 1930களின் அமெரிக்காவில் அதுதான் நிலைமை. அங்கே மக்கள் கையில் பணம் புழங்கச் செய்தால் தூங்கும் இயந்திரம் எழும்பும்.

எங்கள் ஊரில் வாங்க ஆளில்லாமல் இருந்ததா? எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் இரண்டு கிலோமீற்றருக்கு ஆட்கள் நின்றார்கள். இல்லாமல் போனது பெற்றோல். பெற்றோல் இல்லாததற்குக் காரணம், அதை வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. இந்த நிலையில் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் என்ன நடக்கும்? அந்தப் பணம் பெற்றோலையும் எரிவாயுவையும் பால்மாவையும் தேடிப் போகும். மூன்றும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. இருக்கிற கொஞ்ச டொலருக்கு அடிபிடி கூடும், ரூபாய் இன்னும் விழும், விலை இன்னும் ஏறும். செலவழித்த ஒரு ரூபாய் வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்று சொல்லும் பெருக்கிச் சூத்திரத்தில் இறக்குமதி நாட்டம் (கூடும் வருமானத்தில் இறக்குமதிக்குப் போகும் பங்கு) என்று ஓர் எழுத்து கீழே இருக்குமே, பலர் மறந்துவிட்டுப் புள்ளி இழப்பது, அந்த எழுத்து அந்த ஆண்டில் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்தது.

ஆகவே நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது: மந்தம் என்ற சொல்லைக் கண்டதும் கொள்கைக்குப் போகாதீர்கள். இங்கே பற்றாக்குறை வாங்குபவருக்கா, வாங்கும் டொலருக்கா என்று முதலில் கேளுங்கள். வாங்குபவர் இல்லையென்றால் பாடநூலின் மருந்து சரி. டொலர் இல்லையென்றால் அதே மருந்து நோயைக் கூட்டும்.

செய்தவர்களிடம் பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் 50 அடிப்படைப் புள்ளி (நூறு புள்ளி ஒரு சதவீதம்), 2022 ஜனவரியில் 50, மார்ச்சில் 100 என்று எட்டு மாதத்தில் இரண்டு சதவீதம் மட்டும் ஏற்றிவிட்டு, பிறகு ஒரே நாளில் ஏழு சதவீதம் ஏற்ற வேண்டிய இடத்துக்கு வந்ததுதான் பிழை. அந்த ஏழு சதவீதத்தில் கட்டடத் தொழிலும் சிறு கடைகளும் நொறுங்கின. முன்கூட்டியே படிப்படியாக ஏற்றியிருந்தால் அத்தனை பேர் நொறுங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது வட்டி 15 சதவீதந்தானே? உண்மை வட்டி மறைப் பெறுமானமாகிறது (பூச்சியத்துக்குக் கீழே போகிறது). அதை எப்படி இறுக்கமான கொள்கை என்கிறோம்?

நல்ல கேள்வி. பெயரளவு வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் உண்மை வட்டி என்பது சரி. ஆனால் கடன் வாங்குபவர் கழிக்க வேண்டியது கடந்த ஓராண்டின் பணவீக்கத்தை அல்ல, வரப்போகும் ஓராண்டுக்கு அவர் எதிர்பார்க்கும் பணவீக்கத்தை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், ஓராண்டு கழித்து 1.3 சதவீதம். 2022 செப்டெம்பரில் கடன் வாங்கியவருக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் வட்டி மலிவு, அவர் உண்மையில் கடந்து போன ஆண்டில் வட்டி கழுத்தை நெரித்தது. இன்னொன்று: கொள்கை வட்டி 15 சதவீதத்தில் நின்றபோதே 91 நாள் திறைசேரி உண்டியலின் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரம்) விளைவு, அதாவது அதை வாங்குபவருக்குக் கிடைக்கும் வட்டி, 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சந்தை கேட்ட விலை அதுதான்.

பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் கவனிக்கவும். 2024 நவம்பரிலிருந்து ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதமே மத்திய வங்கியின் முதன்மைக் கருவி. மேலே சொன்ன வைப்பு, கடன்வழங்கல் வசதி வீதங்கள் இரண்டையும் கொள்கை வீதம் என்று எழுதினால் இப்போது பழைய விடை.

பணம் அச்சிடுவது மத்திய வங்கிதானே. பிறகு எப்படிப் பணமில்லாமல் போகும்?

அச்சிடுவது ரூபாயை. எண்ணெய்க் கப்பலின் முதலாளி ரூபாய் வாங்க மாட்டார்.

2019 முடிவில் நாட்டின் உத்தியோகபூர்வ ஒதுக்கு (கையிருப்பில் உள்ள வெளிநாட்டு நாணயம்) ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலர். 2022 மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடியது 50 மில்லியனுக்கும் குறைவு. பத்திரிகையில் வந்த ஒதுக்குத் தொகை அதைவிடப் பெரிதாக இருந்தது. சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டின் 1.5 பில்லியன் டொலர்ப் பெறுமதியும் அதில் சேர்ந்திருந்தது. நிபந்தனைகள் காரணமாக அதில் கைவைக்க முடியவில்லை. ஒதுக்கு என்ற ஒற்றை எண்ணைக் கண்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

டொலர் எங்கே போனது என்பதைச் சென்மதி நிலுவையின் (நாட்டுக்குள் வரும், வெளியே போகும் வெளிநாட்டுப் பணத்தின் கணக்கு) நிரல்களிலேயே காட்டலாம். சுற்றுலாவில் 2018இல் வந்தது சுமார் 4.4 பில்லியன் டொலர், 2021இல் அரை பில்லியன். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பியது 2020இல் 7.1 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். நாட்டின் கடன் தரத்தைத் தரமிடல் நிறுவனங்கள் இறக்கியபின் சர்வதேசச் சந்தையில் புதுக் கடன் எடுக்கும் கதவு அடைபட்டது. பழைய கடன் மட்டும் தவணை தவறாமல் வாசலில் வந்து நின்றது. 2022 ஜனவரி 18ஆம் தேதி 500 மில்லியன் டொலர் பிணைமுறி (கடன் பத்திரம்) ஒன்றை அரசு கட்டி முடித்தது. ஏப்ரல் 12ஆம் தேதி, இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த 500 மில்லியன் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் போயிருக்க வேண்டும் என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அவர்கள் பக்கம்.

சித்தப்பா கனடாவிலிருந்து மாதாமாதம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். பிறகு எப்படி அனுப்பீடு பாதியானது?

சித்தப்பா எந்த வழியாக அனுப்பினார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

2021இன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் ஒன்று ஏறத்தாழ 203 ரூபாய் என்று பிடித்துவைத்திருந்தார்கள். வங்கிக்கு வெளியே அதைவிடப் பல பத்து ரூபாய் கூடக் கிடைத்தது. உண்டியல்காரரிடம் ரொறொன்ரோவில் டொலரைக் கொடுத்தால், இங்கே ஒருவர் வீட்டுப் படலையடிக்கே ரூபாயைக் கொண்டுவந்து தருவார். டொலர் எல்லை தாண்டுவதே இல்லை; அங்கேயே இன்னொருவரின் தேவைக்குக் கைமாறிவிடும். வீட்டுக்குக் காசு வந்தது, நாட்டுக்கு டொலர் வரவில்லை. சென்மதி நிலுவையில் அது தெரியவும் தெரியாது.

விலை உச்சவரம்பு என்ற பாடத்தை நுண்பொருளியலில் படித்திருப்பீர்கள். சந்தை விலைக்குக் கீழே விலையைக் கட்டினால் பற்றாக்குறையும் கறுப்புச் சந்தையும் வரும் என்று. நாணய மாற்று வீதமும் ஒரு விலை, அவ்வளவுதான். 2022 மார்ச் 7ஆம் தேதிக்குப் பிறகு ரூபாயைச் சந்தைப் போக்குக்கு விட்டார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபாய்க்கு வந்தது. இடைவெளி மூடியபின் வங்கி வழி அனுப்பீடு திரும்பியது: 2023இல் ஏறத்தாழ 6 பில்லியன் டொலர். சித்தப்பாவுக்குத் தேசப்பற்று கூடியதால் அல்ல.

திறைசேரி உண்டியலுக்கும் இந்த உண்டியலுக்கும் தொடர்பில்லை. ஆண்டுதோறும் யாரோ ஒருவர் குழம்புகிறார், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

பணவீக்கத்துக்குக் காரணம் பணம் அச்சிட்டதா, உக்ரைன் போரா, உரத் தடையா? பரீட்சையில் எதை எழுதுவது?

எல்லாவற்றையும் எழுதலாம், ஆனால் ஒரே பட்டியலில் சாமான் அடுக்குவதுபோல் அடுக்கினால் புள்ளி வராது. எது கேள்வி (தேவை) வளையியை நகர்த்தியது, எது நிரம்பல் (அளிப்பு) வளையியை நகர்த்தியது என்று பிரியுங்கள்.

கேள்விப் பக்கம்: 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதத்துக்கு இறக்கினார்கள், வேறு வரிகளையும் குறைத்தார்கள். அரசின் வருமானம் சரிந்தது, பின்னால் கொரோனாவும் வந்தது. பள்ளத்தை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. அது வைத்திருந்த அரச பிணையங்கள் (அரசின் கடன் பத்திரங்கள்) 2019 முடிவில் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 முடிவில் 2,000 பில்லியனுக்கு மேல். நிரம்பல் பக்கம்: 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை, அதனால் விழுந்த நெல் விளைச்சல், 2022 பெப்ரவரிக்குப் பின் உலக எண்ணெய், கோதுமை விலை. இரு பக்கத்தையும் தொடுவது ரூபாயின் வீழ்ச்சி. இறக்குமதி மூலப்பொருளின் செலவைக் கூட்டியதால் அது நிரம்பல் வளையியை இடப்பக்கம் தள்ளியது. ஆனால் ரூபாய் ஏன் விழுந்தது என்று பின்னால் போனால் மீண்டும் அச்சிட்ட பணத்தில் போய் நிற்பீர்கள். என் வகுப்பில் எடை எப்படி என்று கேட்டால், உரமும் போரும் தீயை வளர்த்தன, விறகை அடுக்கியது வரிக் குறைப்பு என்பேன். இதை மறுக்கும் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் விடைத்தாளைத் திருத்துபவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆகவே காரணத்தோடு எழுதுங்கள்.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்தபின், அரச பிணையங்களை முதலாந்தரச் சந்தையில், அதாவது அரசிடமிருந்து நேரடியாக, மத்திய வங்கி வாங்குவதற்குத் தடை உண்டு. பணவீக்க இலக்கு 5 சதவீதம்.

பணவீக்கம் 70இலிருந்து 1.3க்கு விழுந்தது என்கிறீர்கள். பாண் விலை விழவில்லையே?

என் அம்மா கேட்ட கேள்வியும் இதுதான். செய்தியில் பணவீக்கம் இறங்கிவிட்டது என்று வாசித்தபோது, "அப்ப நாளைக்குச் சங்கக்கடைக்குப் போய் இறங்கின விலைக்கு வாங்கிக்கொண்டு வா" என்று பையைத் தந்தார்.

பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். பஸ் வேகத்தைக் குறைத்தால் பின்னால் போகிறது என்று அர்த்தமில்லை. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறி 169.8 ரூபாய். அடுத்த ஆண்டில் 1.3 சதவீதம் ஏறி 172 ரூபாய். (இடையில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாற்றப்பட்டதால் இது அண்ணளவான கணக்கு.) 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மறைப் பெறுமானத்துக்கே போனது, −0.5 சதவீதம். மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைந்தது முக்கிய காரணம். அப்போதும் அந்தச் சாமான் 171 ரூபாய்தான். நூறுக்குத் திரும்ப வேண்டுமானால் விலைகள் நாற்பது சதவீதத்துக்கு மேல் விழ வேண்டும். அப்படி விழும் பொருளாதாரத்தில் நீங்கள் இருக்க விரும்ப மாட்டீர்கள்.

பெயரளவுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு மனதில் நிற்கவில்லை. எளிய உதாரணம்?

மகாபொல, பல்கலைக்கழக மாணவர்களுக்கான உதவித்தொகை. நெருக்கடி முழுவதும் மாதம் 5,000 ரூபாயாகவே இருந்தது. 2022 செப்டெம்பரின் 69.8 சதவீதப் பணவீக்கத்துக்காக ஐந்தாயிரத்தை 1.698ஆல் வகுங்கள்: 2,945. முந்திய ஆண்டு விலையில் உங்கள் கையில் இருந்தது அவ்வளவுதான். அந்தப் பணத்தில் சாப்பாடு மட்டும் வாங்குபவராயின், அதே மாதம் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், வகுத்தால் 2,565. யாரும் உங்கள் உதவித்தொகையில் ஒரு சதமும் வெட்டவில்லை. பாதி போய்விட்டது.

2022இல் வேலையின்மை வீதம் குறைந்ததாக அட்டவணை காட்டுகிறது. அச்சுப் பிழையா?

இல்லை. 2021இல் 5.1 சதவீதம், 2022இல் 4.7. பொருளாதாரம் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கிய ஆண்டில்!

வரைவிலக்கணத்தை வாசியுங்கள். கணக்கெடுப்பு வாரத்தில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் நீங்கள் தொழிலில் உள்ளவர். மேசன் வேலை நின்றுபோய், வாரத்தில் ஒரு நாள் ஒருவர் காணியில் புல்லுச் செருக்கியவர் இந்தக் கணக்கில் வேலையற்றவர் அல்லர். வேலை தேடிக் களைத்துத் தேடுவதை விட்டவரும் அல்லர், ஏனென்றால் அவர் தொழிற்படையிலேயே இல்லை. விமானம் ஏறியவர் இந்த நாட்டுக் கணக்கிலேயே இல்லை. அந்த ஓராண்டில் மட்டும் பதிவுசெய்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். பாதுகாப்பு வலை இல்லாத நாட்டில் வேலையில்லாமல் சும்மா இருக்க வசதி வேண்டும். ஏழைக்கு அது கட்டாது, கிடைத்ததைச் செய்வார். ஆகவே எங்கள் நாட்டில் மந்தம் வேலையின்மை வீதத்தில் தெரிவதற்கு முன் கூலியில் தெரியும்.

தமிழ்நாட்டு நூல்களைப் படித்தால் கலைச்சொற்கள் ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

அவர்கள் தேவை, அளிப்பு என்பதை நாம் கேள்வி, நிரம்பல் என்கிறோம். அவர்களுடைய பேரியல் பொருளாதாரம் நமக்குப் பேரினப் பொருளியல். ஒரு தாளை இரண்டாக மடித்து இரு பக்கமும் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும். பரீட்சையில் நம் சொற்களையே பயன்படுத்துங்கள்.

எந்த வரிசையில் படிப்பது?

விரிவுரை வரிசையை மாற்ற முடியாது. வீட்டில் படிக்கும் வரிசையை மாற்றலாம். பெரும்பாலான நூல்களில் திறந்த பொருளாதாரம் கடைசி அத்தியாயம். பாடவேளை போதாமல் பாதியில் விடப்படுவதும் அதுவே. பெரிய நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள், அவர்களுக்கு வெளிநாட்டு வணிகம் ஒரு பின்னிணைப்பு. எங்களுக்கு அதுதான் முன்வாசல். தேசிய வருமானக் கணக்கை முடித்தவுடன் சென்மதி நிலுவைக்கும் நாணய மாற்று வீதத்துக்கும் போய்விட்டு, பிறகு கெயின்சுக்கு வாருங்கள்.

மத்திய வங்கியின் ஆண்டுப் பொருளாதார மீளாய்வு தமிழிலும் வருகிறது. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடு, பரவாயில்லை. அட்டவணைகளைப் பாருங்கள். அதோடு ஒரு சின்னக் கொப்பியில் பத்துச் சாமான்களின் விலையை மாதம் ஒருமுறை குறியுங்கள். நான் 2022இல் குறித்த கொப்பி இன்னும் இருக்கிறது: ஒக்டேன் 92 பெற்றோல் மே மாத இறுதியில் 420, ஜூன் இறுதியில் 470, ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87இலிருந்து ஒரே இரவில் 340. அந்த மண்ணெண்ணெய் வரியைக் காட்டினால் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மானியக் குறைப்பைப் பற்றி நான் வேறெதுவும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு வள்ளங்கள் அந்த எண்ணெயில் ஓடுபவை.

2024இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. அப்படியானால் மீண்டுவிட்டோமா?

கணித்துப் பாருங்கள். 2021இன் உண்மை மொத்த உள்நாட்டு உற்பத்தியை 100 என்று வையுங்கள். 2022இல் 7.3 சதவீதம் சுருங்கியது (முதலில் 7.8 என்று வெளியிட்டுப் பின்னர் திருத்தினார்கள், பழைய நூல்களில் 7.8 இருக்கும்): 92.7. 2023இல் மேலும் 2.3 சதவீதம் சுருங்கியது: 90.6. 2024இல் 5 சதவீதம் கூடியது: 95.1. வளர்ச்சி வீதம் முந்திய ஆண்டோடு ஒப்பிடுகிறது, விழுந்த இடத்தோடு அல்ல. விழுந்து சுருங்கிய தளத்திலிருந்து எழுவதால் 5 சதவீதம் என்பதும் கேட்பதைவிடச் சின்னது.

அதன்மேல் இன்னொரு முழு ஆண்டும் அதே 5 சதவீதம் வளர்ந்தால் 99.9.